"காம்போ மாத்தணும் சார்"

கைப்பேசியின் டச் கிறுக்குப் பிடித்தாற்போல் நடந்துகொண்டால் கடையில் முதலில் காதில் விழும் வாக்கியம், "காம்போ மாத்தணும் சார்." அடுத்த வாக்கியம், "இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்." இந்த இரண்டுக்கும் நடுவில் அந்தப் போனைத் திருப்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். விசாரணையே இல்லாமல் கொடுக்கும் இந்தத் தீர்ப்பைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்தில் ஒரு நாற்காலியின் கால் உடைந்தால்கூட லேசில் தூக்கிப் போட முடியாது. கண்டெம்னேஷன் என்று ஒரு சடங்கு உண்டு. ஸ்டாக் ரிஜிஸ்டரில் எந்தப் பக்கம், என்றைக்கு வாங்கியது, என்ன விலை, பழுது பார்க்க முடியுமா, முடியாதென்றால் ஏன் என்று குறிப்பு எழுத வேண்டும். அதிகாரி கையெழுத்துப் போட்டு, கமிட்டி வந்து பார்த்து, பிறகுதான் ஏலம். அதுவரை அந்த நாற்காலி மாடிப்படிக்கு அடியில் நொண்டிக்கொண்டு நிற்கும். இதைக் கேலி பண்ணாதவர்கள் கிடையாது. இருந்தாலும் 'பழுது பார்க்க முடியுமா' என்ற கட்டத்தை நிரப்பாமல் ஒரு ஸ்டூல்கூட வெளியே போனதில்லை. பேரப்பிள்ளைகளின் படம், வங்கிக் கணக்கு, கேஸ் புக்கிங், டாக்டர் எழுதிய சீட்டு என்று வீடே உள்ளே இருக்கும் ஒரு பொருளுக்கு அந்த ஸ்டூலுக்குக் கிடைத்த மரியாதை இல்லை.

சென்ற வருடம் எதிர் வீட்டு டீச்சரம்மா போனைக் கொண்டுவந்தார். "சார், தானா டைப் அடிக்குது. தானாவே யாருக்கோ போன் போவுது. பேய் பிடிச்சா மாதிரி இருக்கு" என்றார். கடையில் கேட்டிருக்கிறார். 4,500 ரூபாய், காம்போ. எப்போதெல்லாம் இப்படி ஆகிறது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "ராத்திரி சார்ஜ் போடறப்போ" என்றார். பகலில்? பகலில் ஒன்றுமில்லை. சார்ஜரைப் பார்த்தேன், நடைபாதையில் 150 ரூபாய்க்கு வாங்கியது. அவர் பேரனுடைய கம்பெனி சார்ஜரை மாட்டச் சொன்னேன். பேய் போய்விட்டது.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. திரையின் கண்ணாடிக்கு அடியில் இண்டியம் டின் ஆக்ஸைடு போன்ற, கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திப் பூச்சு குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கோடாக ஓடுகிறது. விரல் கிட்டே வந்தால் அந்த இடத்தில் மின்னூட்டம் துளி மாறும். உள்ளே இருக்கும் சிப் ஒரு நொடிக்குள் பல தடவை எல்லாக் கோடுகளையும் எண்ணிப் பார்த்து, எங்கே மாறியதோ அங்கே விரல் இருக்கிறது என்று முடிவு செய்யும். மட்டமான சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் அந்தக் கணக்கைக் குழப்பினால் விரல் இல்லாத இடத்திலும் விரல் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். வியர்வை, ஒரு சொட்டுத் தண்ணீர், கண்ணாடிக்கும் டெம்பர் கிளாஸுக்கும் நடுவில் போன ஈரம், இவையும் அதே வேலையைச் செய்யும். இந்த வகைத் திரையை 1965-ல் விவரித்து எழுதியவர் ஈ.ஏ.ஜான்சன் என்கிற ஆங்கிலேயர். அவர் மனதில் இருந்தது விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறவர்களின் மேசை. மே மாதத்துப் புதுச்சேரியில் மீன் கழுவிய கையோடு போனைத் தொடும் குடும்பங்கள் அவர் கணக்கில் இருந்திருக்க நியாயமில்லை.

ஆகவே கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். டெம்பர் கிளாஸை உரித்துவிட்டு உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். போனை மேசையில் படுக்கவைத்து ஓரமாகக் கண்ணை வைத்துப் பாருங்கள். திரை ஒரு பக்கம் தூக்கியிருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அப்படியானால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள். அது ஒன்றுக்கு மட்டும் உடனே கடைக்கு ஓடத்தான் வேண்டும். புதிதாகப் போட்ட ஏதாவது செயலியின் வேலையா என்று பார்க்க 'சேஃப் மோட்' என்று ஒன்று உண்டு. அதில் போன் ஒழுங்காக இருந்தால் குற்றவாளி செயலிதான்.

இதிலெல்லாம் தெளியவில்லை என்றால் போனையே சாட்சி சொல்ல வைக்கலாம். செட்டிங்ஸில் 'அபவுட் போன்' போய், 'பில்ட் நம்பர்' மேல் ஏழு தடவை தட்டினால் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறக்கும். அதில் 'பாயிண்டர் லொகேஷன்' என்பதை ஆன் செய்தால் திரையில் எங்கே தொடுகை பதிவாகிறதோ அங்கே கோடு விழும். விரலால் திரை முழுக்கக் கோலம் போடுவதுபோல் வரிசையாக இழுத்துப் பாருங்கள். கோடு ஒரே பட்டையில் எப்போதும் அறுந்தால், அல்லது தொடாமலே ஒரே இடத்தில் புள்ளிகள் குதித்தால், அந்த இடம் செத்துவிட்டது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அப்போது கடைக்காரர் சொல்வது சரி. என் பழைய போனில் இடது ஓரத்தில் விரல்கடை அகலத்துக்கு அப்படி ஒரு பட்டை செத்திருந்தது. பணம் கொடுத்து மாற்றினேன், வருத்தமில்லை. காரணம் தெரிந்து கொடுத்த பணம் அது.

கடைப் பையன்களை நான் திட்டவில்லை. மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து குண்டூசி அளவு திருகாணியைக் கழற்றுகிற பிள்ளைகள். சென்னை ரிச்சி தெருவிலிருந்து அவர்களுக்கு வருவதே முழு காம்போதான். முன்பெல்லாம் பல போன்களில் தொடு கண்ணாடி தனி, படம் காட்டும் டிஸ்ப்ளே தனி. டச் போனால் டச்சை மட்டும் மாற்றலாம். இப்போது இரண்டையும் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். சிலவற்றில் தொடு கோடுகளை டிஸ்ப்ளேக்கு உள்ளேயே வைத்துவிடுகிறார்கள். படம் பளிச்சென்று தெரியும், போன் மெலிசாக இருக்கும் என்கிறார்கள், உண்மைதான். ஆனால் ஒரு கோடு அறுந்ததற்கு நன்றாக எரிந்துகொண்டிருக்கும் டிஸ்ப்ளேயையும் சேர்த்துக் குப்பையில் போட வேண்டியிருக்கிறது. ஜன்னல் தாழ்ப்பாள் கெட்டால் சுவரை இடிக்கச் சொல்கிற கொத்தனாரை நாம் வீட்டுக்குள் விடுவோமா? அரை மில்லிமீட்டர் தடிமன் கூடினால் கூடட்டும், எனக்குத் தாழ்ப்பாளைத் தனியாக மாற்றும் வழி வேண்டும்.

நடக்காத கதை என்று இதைத் தள்ள முடியாது. படித்தது பிரெஞ்சு மீடியம் என்பதால் அந்த நாட்டுச் செய்திகளை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே 2021 ஜனவரி 1 முதல் கடையில் விற்கும் ஸ்மார்ட்போனுக்குப் பக்கத்தில் 'அந்தீஸ் த ரெபராபிலித்தே' என்று பத்துக்கு இவ்வளவு என மதிப்பெண் போட வேண்டும் என்று சட்டம் வந்தது. எளிதாகக் கழற்ற முடிகிறதா, உதிரி பாகம் கிடைக்கிறதா, போன் விலையோடு ஒப்பிட்டால் அந்தப் பாகத்தின் விலை என்ன என்பதெல்லாம் அந்த மார்க்கில் சேர்த்தி. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க இன்னும் கடுமையான விதி. ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் ஏழு வருடத்துக்கு டிஸ்ப்ளே உட்பட முக்கிய பாகங்கள் கிடைக்க வேண்டும். அங்கே விற்கும் கம்பெனிகளில் பல இங்கேயும் விற்கின்றன. ஒரே தொழில், இரண்டு மரியாதை.

நம் நாட்டிலும் பேச்சு இல்லாமல் இல்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தது. பழுதுபார்ப்பு மதிப்பெண் பற்றி ஆராய்ந்த குழு 2025 மே மாதம் அறிக்கையும் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் கடையில் அடுக்கியிருக்கும் போன் பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், மதிப்பெண் எதுவும் கண்ணில் படவில்லை. அறிக்கை எந்த மேசையில், எந்தக் கட்டில் இருக்கும் என்று என் போன்ற பழைய குமாஸ்தாவால் ஊகிக்க முடியும்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். திரை தானாக அடிக்க ஆரம்பித்தால் உடனே அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் தப்பும் தவறுமாகப் பின் நம்பரைத் தானே அடித்துப் பூட்டிக்கொள்ளும். சிம்மைக் கழற்றிப் பழைய பட்டன் போனில் போட்டு, அந்த போன் அதை ஏற்றுக்கொண்டால் ஓடிபி வந்துவிடும். நானோ சிம்முக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் வேண்டும், சின்னக் கடைகளில் கிடைக்கும். படங்களை எடுக்க ஓடிஜி என்கிற சின்ன இணைப்பானை வாங்கி, கம்ப்யூட்டர் மவுஸை ஆண்ட்ராய்டு போனில் செருகுங்கள். திரையில் அம்புக்குறி வரும். அதை வைத்துப் பூட்டைத் திறக்கலாம், எல்லாவற்றையும் பிரதி எடுக்கலாம். கடையில் 'ரீசெட்' போடுவதற்கு முன்னால் இதைச் செய்துவிட்டால் பேரப்பிள்ளைகளின் படங்கள் பிழைக்கும். சில கம்பெனி போன்களில் ஓடிஜியை செட்டிங்ஸில் முதலில் ஆன் செய்ய வேண்டும், பயன்படுத்தாவிட்டால் பத்து நிமிடத்தில் அதுவாகவே அணைந்தும் விடும். டச் செத்த பிறகு அந்த ஸ்விட்சைத் தொடுவது எப்படி என்று அதை அமைத்த மகானுபாவர்தான் சொல்ல வேண்டும். உங்கள் போன் எந்த ரகம் என்று இன்றைக்கே மவுஸைச் செருகிப் பார்த்து வையுங்கள்.

அப்புறம், புதுப் போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன்னால், இந்த மாடலுக்கு டிஸ்ப்ளே என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள். போன மாதம் தம்பி மகனுக்கு வாங்கப் போனபோது நான் கேட்டேன். கவுன்டர் பையன் சிரித்துவிட்டான். "என்ன சார், வாங்கறதுக்கு முன்னாடியே உடைக்கறதப் பத்திக் கேக்கறீங்க?" என்றான். கேட்டுச் சொல்லுப்பா, காத்திருக்கிறேன் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு இடத்துக்குப் போன் போட்டுவிட்டு வந்தான். 11,500 ரூபாய் போனுக்கு டிஸ்ப்ளே 4,200; ஸ்டாக் இல்லை, ஆர்டர் போட்டால் வரும், எப்போது என்று சொல்ல முடியாது. பக்கத்துக் கடைக்குப் போனோம்.