எத்தனை பேப்பர்?

போன மாதம் ஒரு வாட்ஸப் செய்தி. "சார், ஸ்கோபஸ் பேப்பர் அக்செப்ட் ஆயிடுச்சு. ரெண்டாவது, நாலாவது ஆத்தர் இடம் காலியா இருக்கு. வேணுமா?" பஸ்ஸில் சீட் போடுவதுபோல. சிரித்துவிட்டு அழித்திருக்க வேண்டும். இரண்டு நாள் வைத்திருந்தேன்.

நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்துகிறேன். ஐந்து வருடமாகப் பகுதிநேர பிஎச்.டி. இணைப் பேராசிரியர் ஆவதற்கு அந்தப் பட்டம் வேண்டும். சேர்வதில் பெரிய சிரமமில்லை. முதுகலையில் 55 சதவீதம், நுழைவுத் தேர்வு, நேர்காணல், அப்புறம் கோர்ஸ் ஒர்க். தீசிஸ் கொடுக்கும்போதுதான் கேட்டில் நிறுத்திக் கேட்கிறார்கள்: "ஜர்னல் பேப்பர் எத்தனை?"

யுஜிசியின் 2016 விதி, தீசிஸுக்கு முன் ஒரு ஜர்னல் கட்டுரையும் இரண்டு கருத்தரங்கு உரைகளும் கேட்டது. 2022 நவம்பரில் வந்த புது விதியில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த விதி என்று வைத்துக்கொள்ளலாம். எங்களுடையது வைத்திருக்கிறது. ஜர்னலில் இரண்டு, கருத்தரங்கு கணக்கில் வராது.

கம்ப்யூட்டர் துறையில் இது சுத்த அபத்தம். இங்கே முதல்தரமான வேலைகள் பெரும்பாலும் கருத்தரங்குகளில்தான் வருகின்றன. சாட்ஜிபிடி என்ற பெயரின் கடைசி எழுத்து எதைக் குறிக்கிறதோ, அந்த டிரான்ஸ்ஃபார்மரை அறிமுகப்படுத்திய கட்டுரை 2017இல் ஒரு கருத்தரங்கில் வந்தது. அதை எழுதிய எட்டுப் பேரும் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஆபீஸுக்கு வந்தால், கிளார்க் ஃபைலைத் திருப்பித் தருவார்.

"பேப்பர் கேக்கலைன்னா குப்பையா கொண்டுவந்து கொட்டுவாங்க சார்" என்கிறார்கள். கேட்டபோது என்ன வந்தது? 2018 மே மாதம் யுஜிசியே தன் பட்டியலிலிருந்து 4,305 ஜர்னல்களை நீக்கியது. அவ்வளவு ஜர்னல்களுக்கு யார் தீனி போட்டார்கள்? எண்ணிக்கை கேட்டவர்களும், அதைக் கொடுத்தே ஆகவேண்டிய என்னைப் போன்றவர்களும்தான். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கைடும் எக்ஸாமினரும் ஒருவருக்கொருவர் வேண்டப்பட்டவர்களாக இருக்கும் ஊரில், வெளியாள் ஒருவர் பார்க்கட்டும் என்பது நியாயமான எண்ணம்தான். அந்த வெளியாள் பார்த்த லட்சணத்தைச் சொல்கிறேன்.

என் ஆராய்ச்சி வாழை இலைப் படத்தை வைத்து நோயைக் கண்டுபிடிப்பது. முதல் பேப்பரில் 97 சதவீதம் துல்லியம் என்று போட்டேன். ரெவ்யூவர்கள் கேட்டது, இன்னும் சில மேற்கோள்கள் சேர்க்கச் சொல்லி. பேப்பர் வந்துவிட்டது.

டாக்டரல் கமிட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கால் மணி நேரம். முதல் ஸ்லைடே பேப்பர் ஸ்டேட்டஸ்தான். போன கூட்டத்தில், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மட்டும் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஒரே இலையை எத்தனை போட்டோ எடுத்தே தம்பி?" நாலைந்து கோணத்தில், சார். "ஒண்ணு டிரெயினிங்ல, இன்னொண்ணு டெஸ்ட்ல போயிருக்குமே?"

போயிருந்தது. விடைத்தாளை முன்கூட்டியே காட்டிவிட்டுப் பரீட்சை வைத்த கதை. இலைவாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டினேன். 81.

ஐந்து வருடத்தில் எனக்கு நடந்த ஒரே ஆராய்ச்சிப் பயிற்சி அந்தக் கேள்வி. எந்த விதியிலும் அதற்கு மதிப்பெண் கிடையாது. தப்பான 97க்கு ஒரு பேப்பர் கணக்கு உண்டு. சரியான 81க்கு ஒன்றுமில்லை. திருத்தம் கேட்டு ஜர்னலுக்கு எழுதினால் பேப்பரையே திரும்பப் பெறச் சொல்லலாம். கைடிடம் சொன்னேன். "தீசிஸ் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். கெட்டவர் இல்லை. அவருக்கும் எண்ணிக்கை உண்டு.

நான் கேட்பது அதிகமில்லை. கமிட்டியில் இருப்பவர் தீசிஸைப் படித்து, என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்று கையெழுத்திட்டு எழுதித் தரட்டும். நிரலும் தரவும் எக்ஸாமினர் கைக்குப் போகட்டும், ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும். நல்ல கருத்தரங்குக் கட்டுரையைக் கட்டுரை என்று ஏற்கட்டும். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால், பிறகு எதற்கு அந்தக் கமிட்டி?

வாட்ஸப் செய்தியை மூன்றாம் நாள் அழித்தேன். அன்று ராத்திரியே ஜர்னலுக்கும் எழுதிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்கான ஸ்லைடில், பேப்பர் ஸ்டேட்டஸ் என்ற இடத்தை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன்.