ஆடு கேட்டால் கோட்டு வருமா?

தர்மபுரி மாவட்டத்தில் பாப்பிரெட்டிப்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். தமிழில் "ரெட்டி"யிலும் "ட்டி", "பட்டி"யிலும் "ட்டி". ஆங்கிலத்திலோ "ரெட்டி"க்கு நான்காம் எழுத்தை இரண்டு முறை போடுகிறார்கள். "பட்டி"க்கு இருபதாம் எழுத்தை இரண்டு முறை போடுகிறார்கள்.

தமிழில் ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் இரண்டு!

ஊர்ப் பள்ளியில் படித்த பையன் நகரத்துக் கல்லூரிக்குப் போகிறான். ஓர் ஆங்கிலச் சொல்லைத் தவறிச் சொல்கிறான். வகுப்பே சிரிக்கிறது. அதன் பிறகு அவன் வாயே திறப்பதில்லை. குற்றம் அவனுடையதா?

"பாம்பு" என்று சொல்லுங்கள். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு மெல்லச் சொல்லுங்கள். முதல் "ப"வுக்கு உதடு மூடியிருக்கும்போது தொண்டை சும்மா இருக்கிறது. "ம்பு" வரும்போது உதடு மூடியிருக்கும்போதே தொண்டை அதிர்கிறது. ஓசை இரண்டு, ஆனால் நம் காதுக்கு இரண்டும் "ப"தான். எந்த இடத்தில் எந்த ஓசை என்பது தமிழில் தானாக அமைந்துவிடும். பொருள் மாறாது. ஆகவே ஓர் எழுத்தே போதும்.

ஆங்கிலத்தில் ஓசை மாறினால் பொருளே மாறிவிடும். "பின்" என்றால் குண்டூசி. அதையே தொண்டை அதிரத் தொடங்கினால் குப்பைத்தொட்டி. "கோட்" என்றால் நாம் போடும் கோட்டு. முதல் ஓசையைத் தொண்டை அதிரச் சொன்னால் ஆடு! ஆடு வாங்கப் போனவர் கோட்டு கேட்டுவிட்டு நிற்பார். இப்படிப் பொருளைப் பிரிக்கும் ஓசையை மொழி நூலார் "ஒலியன்" என்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுத்து 26. ஒலியனோ சுமார் 44.

லண்டன்காரர் ஒருவரை "வால், வாள், வாழ்" என்று சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் மூன்றும் ஒன்றாகவே வரும். அவரை யாரும் மக்கு என்பதில்லை.

நம் வாய்க்கு வராது என்பதும் பொய். பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போகக் காத்திருக்கும் பாட்டி "பஸ்" என்று சரியாகத்தான் சொல்கிறார். "பட்டி"யின் "ப" வேறு. "பஸ்"ஸின் "ப" வேறு. பாட்டி எழுத்தைப் பார்த்துக் கற்கவில்லை. காதால் கேட்டுப் பிடித்துக்கொண்டார். தர்மபுரிப் பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசும் வீடுகளும் உண்டு. அந்த மொழிகளில் இந்த ஓசைகளுக்குத் தனித்தனி எழுத்தே இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல.

எழுத்துக் கூட்டச் சொல்லும் முன்பே பிள்ளைகளின் காதைப் பழக்க வேண்டும் என்பேன். ஒரு அட்டையில் ஆடு, இன்னொன்றில் கோட்டு வரையட்டும். ஆசிரியர் சொல்லைச் சொல்லட்டும். பிள்ளைகள் படத்தைக் காட்டட்டும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். தவறான அட்டையைத் தூக்கிய பிள்ளைக்கு, சிரிக்காமல், இன்னொரு முறை சொல்லிக் காட்டட்டும்.