ஸ்கேன் வேற, ஜோசியம் வேற!

நுரையீரல் புற்றுநோய்க்கு ஆபரேஷன்னு முடிவான ஆளை, அதுக்கு முன்னாடி பெட்-சிடி எடுத்துட்டு வரச் சொன்னா எங்க தென்காசிப் பக்கம் ரெண்டு கோஷ்டி கிளம்பும். ஒண்ணு, "எல்லாம் காசு புடுங்குற வேலை வே, நேரா அறுத்து எடுத்தா சோலி முடிஞ்சிது". இன்னொண்ணு, ரிப்போர்ட்டை அரைகுறையாப் படிச்சுட்டு, "பரவிட்டாம்லா, இனி ஒண்ணும் செய்ய முடியாது, குத்தாலத்துல ஒரு மூலிகை வைத்தியர் இருக்காரு". ரெண்டு பேருக்கும் சேத்துதான் இந்தப் பதிவு.

முதல்ல காசு கோஷ்டி. நெஞ்சைத் திறந்து நுரையீரல்ல ஒரு மடலை வெட்டி எடுக்கிறது சின்ன விஷயமில்ல. கட்டி எலும்புக்கோ கல்லீரலுக்கோ ஏற்கெனவே போயிருந்தா அந்த வெட்டு பெரும்பாலும் வீண். வலியும் கடனும்தான் மிச்சம். 2024 மே மாசம் பழைய குற்றால அருவியில திடீர்னு வெள்ளம் வந்து ஒரு பையன் செத்தது ஞாபகம் இருக்கா? மேல மலையில பேஞ்சது கீழ குளிச்சவங்களுக்குத் தெரியல. வெறும் எக்ஸ்ரேயைப் பாத்து கத்தி எடுக்கிறதும் அப்படித்தான்.

நெதர்லாந்துல 188 பேரை வச்சு செஞ்ச ஒரு ஆய்வு 2002-ல லான்செட்ல வந்துச்சு. வழக்கமான சோதனையோட நிறுத்தினவங்கள்ல 41 சதவீதம் பேருக்கு ஆபரேஷன் வீணாப் போச்சு. பெட் ஸ்கேனும் எடுத்தவங்கள்ல அது 21 சதவீதம். 2009-ல வந்த டென்மார்க் ஆய்வும் வீண் ஆபரேஷன் குறையுதுன்னுதான் சொல்லிச்சு. ஆயுள் கூடுச்சான்னா, அதுல பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா வீணா ஒரு மனுஷனை அறுக்காம விடுறது லாபம் இல்லையா?

இப்ப ரெண்டாவது கோஷ்டி. எனக்குக் கோவம் அதிகம் இவங்க மேலதான்.

பெட் ஸ்கேன்ல ஊசி வழியா ஏத்துறது கதிரியக்கம் கலந்த ஒரு வகை சர்க்கரை. 110 நிமிஷத்துல அதோட வீரியம் பாதியாயிரும். அதனாலதான் எல்லா ஊர்லயும் வாங்கி வச்சு எடுக்க முடியல. புற்று செல்லு சர்க்கரையை அள்ளித் தின்னும், படத்துல பளிச்சுனு எரியும். சரி. ஆனா டிபி வந்த நெறிக்கட்டியும் அதே மாதிரிதான் எரியும்! உலகத்து டிபி நோயாளிகள்ல நாலுல ஒருத்தர் நம்ம நாட்டுக்காரர். அப்புறம் நெஞ்சு நடுவுல நாலு நெறிக்கட்டி எரிஞ்சா அது பரவின புத்துன்னு எப்படிய்யா சொல்லுவ?

எங்க தொழில்ல அலாரம் அடிச்ச உடனே சர்வரைத் தூக்கிப் போட மாட்டோம். லாகைத் திறந்து பாப்போம். இங்க லாக்ங்கிறது பயாப்ஸி. மூச்சுக்குழாய்க்குள்ள நுனியில அல்ட்ராசவுண்ட் இருக்கிற குழாயை விட்டு, அந்தக் கட்டியில ஊசி குத்தி எடுப்பாங்க. ஈபஸ்னு பேரு. அதுல டிபின்னு வந்தா மாத்திரை இருக்கு, ஆபரேஷனுக்கும் வழி இருக்கு. இதைச் செய்யாம "நாலாம் ஸ்டேஜ்"னு வீட்டுக்கு அனுப்பினா, பொழைக்க வேண்டிய ஆளை நாமளே சாகடிக்கிறோம்.

உடனே ஒருத்தர் வருவாரு, "ஊசி பட்டா பரவிரும்"னு. அண்ணாச்சி, ஊசி போன தடத்துல புத்து முளைக்கிறது ரொம்ப ரொம்ப அபூர்வம். அதுக்குப் பயந்து என்ன நோய்னே தெரியாம இருக்கிறதுதான் ஆபத்து.

எதிர்ப்பக்கமும் இருக்கு. பெட்ல ஒண்ணும் எரியலன்னா நோய் பரவலன்னு அர்த்தமில்ல. எட்டு மில்லிமீட்டருக்குக் கீழ உள்ளது தப்பிச்சிரும். மூளை எப்பவுமே சர்க்கரை தின்னுகிட்டு இருக்கிறதால அங்க உள்ள கட்டி மறைஞ்சிரும், தேவைப்பட்டா எம்ஆர்ஐ தனியா எடுக்கணும்.

ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம்னு பீடி சுத்திப் பிள்ளைகளைப் படிக்க வச்ச பூமி இது. பீடி குடிச்சு இருமுறவங்களும் இங்க குறைச்சல் இல்ல. மதுரைக்கோ, செங்கோட்டை தாண்டி திருவனந்தபுரத்துக்கோ ரிப்போர்ட்டைத் தூக்கிட்டு ஓடுறப்ப டாக்டர்கிட்ட மூணே கேள்வி கேளுங்க:

1. எரியிற இடத்துல ஊசி குத்திப் பாத்தாச்சா?
2. டிபி இல்லன்னு உறுதியாச்சா?
3. மூளைக்குத் தனியா ஸ்கேன் வேணுமா?

கேட்டா டாக்டர் கோவிச்சுக்குவாரோன்னு பயப்படாதீங்க. கோவிச்சா கோவிக்கட்டும், உசுரு நம்மளோடது.

குத்தால மூலிகை கோஷ்டி பின்னூட்டத்துல வரிசையா வரலாம். எண்ணெய் தேச்சுக் குளிக்க நானும் வாரேன். புத்துக்கு மட்டும் ஆளை விடுங்க.