அடிமைத்தனத்துக்கு இழப்பீடு: கரீபியன் கேட்கும் கேள்வி திண்டிவனத்துக்கும் உரியது

2024 அக்டோபரில் சமோவாவில் கூடிய காமன்வெல்த் நாடுகளின் தலைவர்கள் வெளியிட்ட கூட்டறிக்கையில் ஒரு பத்தி உலகின் கவனத்தை ஈர்த்தது. அட்லாண்டிக் கடல் வழியாக ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து விற்ற வணிகத்துக்கான 'இழப்பீட்டு நீதி' குறித்துப் பேசும் நேரம் வந்துவிட்டது என்றது அந்தப் பத்தி. மாநாட்டுக்கு முன்பு வரை இது நிகழ்ச்சி நிரலிலேயே இல்லை என்று சொல்லிவந்த பிரிட்டன், கடைசியில் அந்த வாசகத்தை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு, 2025-ஐ ஆப்பிரிக்க ஒன்றியம் இழப்பீட்டு நீதிக்கான ஆண்டாகவே அறிவித்தது. கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பு 2014-இலேயே மன்னிப்பு, கடன் தள்ளுபடி, மருத்துவ உதவி உள்ளிட்ட பத்து அம்சக் கோரிக்கையை முன்வைத்திருந்தது.

நம் ஊடகங்களில் இதெல்லாம் உள்பக்கச் செய்தி. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் உள்ள வழக்கு, நமக்கென்ன என்ற எண்ணம். 56 உறுப்பு நாடுகள் கொண்ட அந்த அமைப்பில் இந்தியாவும் ஒன்று என்பதையே பலர் மறந்துவிட்டோம். உண்மையில் இந்த வழக்கின் ஒரு முனை நம் வாசலில் கிடக்கிறது.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் சிறிது தூரத்தில் பொம்மையார்பாளையம். வருவாய்க் கணக்கில் விழுப்புரம் மாவட்டம். மீனவக் குடும்பங்கள், ஆரோவில்லுக்கு வந்துபோகும் வெளிநாட்டவர், சாலையோர விடுதிகள் என்று இன்று பரபரப்பான ஊர். இந்தக் கரையிலிருந்து தெற்கே பார்த்தால் தெரியும் அதே புதுச்சேரிக் கடலில்தான் 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. அவை ஏற்றிச் சென்றது துணியை மட்டுமல்ல. இன்று ரீயூனியன், மொரீஷியஸ் என்று அழைக்கப்படும் தீவுகளின் தோட்டங்களுக்கு இங்கிருந்து மனிதர்களும் ஏற்றப்பட்டனர்.

இதற்குச் சாட்சி எதிரிகள் எழுதிய வரலாறு அல்ல. பிரெஞ்சுக்காரர்களிடமே துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1743-ஆம் ஆண்டுப் பகுதியில் அவர் பதிவு செய்திருப்பது இது: சுற்றுப்புற ஊர்களின் எளிய மக்களை ஆசை காட்டி ஏமாற்றி அழைத்துவந்து, வீட்டில் அடைத்து, தலையை மழித்து, காலில் விலங்கிட்டு, மறைவாகக் கப்பலேற்றினார்கள். பிடித்துக் கொடுத்த தரகர்கள் நம் ஊர்க்காரர்களே.

பிரான்ஸ் நாடாளுமன்றம் 2001 மே மாதம் நிறைவேற்றிய தோபிரா சட்டம் அடிமை வணிகத்தை மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று அறிவித்தது. அதில் அட்லாண்டிக்கோடு இந்தியப் பெருங்கடலும் சேர்க்கப்பட்டுள்ளது. பாதிக்கப்பட்டோர் பட்டியலில் ஆப்பிரிக்கர், அமெரிக்கப் பழங்குடியினர், மலகாசியர் ஆகியோருடன் இந்தியரும் இடம்பெற்றுள்ளனர். ஆக, நம் கடற்கரையிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களுக்கும் குற்றம் இழைக்கப்பட்டது என்று பிரான்ஸே சட்டத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆனால் இழப்பீட்டை ஆராய ஒரு குழு அமைக்க வேண்டும் என்று முதல் வரைவில் இருந்த பிரிவு, சட்டம் நிறைவேறும் முன்பே நீக்கப்பட்டுவிட்டது. பிற்காலத்தில் மார்த்தினிக் தீவிலிருந்து இழப்பீடு கேட்டுத் தொடுக்கப்பட்ட வழக்கும் 2023 ஜூலையில் பிரான்ஸின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. குற்றம் உண்டு, பணம் இல்லை. இதுதான் நிலைமை.

சரி, அடிமை முறை ஒழிந்தபோது யாருக்குமே பணம் கொடுக்கவில்லையா? கொடுத்தார்கள். வாங்கியவர்கள் அடிமைகள் அல்ல, முதலாளிகள்.

பிரிட்டன் 1833-இல் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தபோது உரிமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. அன்றைய அரசின் ஆண்டுச் செலவில் அது ஏறத்தாழ 40 விழுக்காடு. அதற்காக வாங்கிய கடன் முழுதாக அடைந்தது 2015-இல்! அதாவது, பிரிட்டனில் வேலை பார்த்து வரி கட்டிய நம் உறவினர்களும், கரீபியன் தீவுகளிலிருந்து குடியேறிய அடிமைகளின் பேரப்பிள்ளைகளும்கூட, அந்த முதலாளிகளுக்குத் தந்த நஷ்ட ஈட்டுக்கான கடனைக் கட்டியிருக்கிறார்கள். மொரீஷியஸ் முதலாளிகளுக்கு மட்டும் 20 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அங்கிருந்த அடிமைகளில் இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்டோரும் இருந்தனர். அவர்களுக்கும் சேர்த்துத்தான் விலை கட்டப்பட்டது.

பிரான்ஸும் அதையே செய்தது. 1848-இல் ஒழிப்பு, 1849-இல் முதலாளிகளுக்கு ஏறத்தாழ 12 கோடி 60 லட்சம் பிராங்க். ஹைட்டியின் கதை இதைவிடக் கொடுமை. போராடித் தங்களைத் தாங்களே விடுவித்துக்கொண்ட அந்த மக்களிடம், 1825-இல் போர்க்கப்பல்களை நிறுத்தி 15 கோடி பிராங்க் கேட்டது பிரான்ஸ். பின்னர் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதற்காக வாங்கிய கடன்களின் சுமை 1947 வரை நீண்டது. 2025 ஏப்ரலில் அதிபர் மக்ரோன் இதை ஆராய இரு நாட்டு வரலாற்றாசிரியர்கள் குழு ஒன்றை அறிவித்தார். குழுதான், காசோலை அல்ல.

ரீயூனியனில் 1848 டிசம்பரில் விடுதலையான அடிமைகள் சுமார் 62 ஆயிரம் பேர். அவர்கள் விட்ட இடத்தை நிரப்ப ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். புதுச்சேரியும் காரைக்காலும் அவர்களின் துறைமுகங்கள். 1850-களில் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும் கப்பல்கள் போயின.

உள்நாட்டுக் கதைக்கு வருவோம். பிரிட்டனின் 1833 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதப்பட்டிருந்தது. இங்கே சட்டம் வந்தது 1843-இல். அந்தச் சட்டமும் அடிமை மீதான உரிமைகோரலை நீதிமன்றம் ஏற்காது என்று சொன்னதோடு நின்றது. தென்னார்க்காடு, செங்கல்பட்டு, தஞ்சை நிலங்களில் பண்ணையாளாகப் பிறந்து பண்ணையாளாக இறந்த தலித் மக்களுக்குக் காணி நிலமும் இல்லை, கையில் காசும் இல்லை. சட்டப்படி விடுதலையானவர் மறுநாள் காலை அதே வயலில், அதே ஆண்டைக்கு, இப்போது 'கடனுக்காக' வேலை செய்தார்.

அரை நூற்றாண்டு கழித்து, செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் இந்த நிலைமையை அறிக்கையாக எழுதினார். அதன் விளைவாக 1892 செப்டம்பரில் சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம், பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, பிறகும் அதே பிரிவினருக்கு மட்டுமே விற்கலாம், மீறினால் விற்பனை செல்லாது. இதுவே பஞ்சமி நிலம். பத்திரப் பேச்சில் 'டி.சி. லேண்ட்'. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

இழப்பீடு என்ற சொல் அந்த ஆணையில் இல்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக உழைப்பைப் பறிகொடுத்தவர்களுக்கு அரசு நிலத்தைத் தந்தது வேறென்ன? உலகம் இன்று விவாதிக்கும் ஒன்றைத் தமிழ்நாடு 130 ஆண்டுகளுக்கு முன்பே அரைகுறையாகவேனும் செய்து பார்த்திருக்கிறது. அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று உரியவர்கள் கையில் இல்லை. அதைக் கேட்டுப் போராடிய காரணையில் 1994 அக்டோபரில் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். நிலத்தைக் கண்டறிய 2011-இல் நீதிபதி மருதமுத்து தலைமையில் குழு போட்டார்கள், 2015-இல் இன்னொரு குழு. 2019-இல் 'அசுரன்' படம் வந்த கையோடு, ஒரு கட்சிப் பத்திரிகையின் அலுவலகம் நிற்கும் இடம் பஞ்சமி நிலமா என்று பெரிய கட்சிகள் மோதிக்கொண்டன. அந்த ஒரு மனைக்குக் கிடைத்த விளம்பரத்தில் நூறில் ஒரு பங்குகூட மற்ற ஏக்கர்களுக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாவது முயற்சி நம் காலத்தது. 1976-இன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இருப்பவர்களுக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. செங்கல் சூளை, ரைஸ் மில், சவுக்குத் தோப்பு, கரி மூட்டம் என்று இருளர் குடும்பங்கள் வேலைக்குப் போகும் இடங்களில் எல்லாம் தொடக்கம் ஒன்றே: அட்வான்ஸ். கல்யாணத்துக்கோ மருத்துவத்துக்கோ வாங்கிய சில ஆயிரம். கணக்கு முதலாளியின் நோட்டில். குடும்பமே வேலை செய்தாலும் கடன் குறையாது, ஊருக்குப் போக அனுமதி கிடையாது. 1995-இல் உச்ச நீதிமன்றம் நியமித்த குழு தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக மதிப்பிட்டது. நாடு முழுவதும் சட்டம் வந்த நாள் முதல் அடையாளம் காணப்பட்டவர்களோ சுமார் 3 லட்சம் பேர்தான். அதில் 65 ஆயிரத்துக்கும் மேல் தமிழ்நாட்டினர். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி பல ஆண்டுகளாக வழிநடத்திவரும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் போன்றவை இல்லையென்றால் இந்தப் பகுதியில் பல வழக்குகள் வெளியே வந்தே இருக்காது.

சட்டம் நல்ல சட்டம். கோட்டாட்சியர் விடுவிப்புச் சான்றிதழ் கொடுத்த கணத்தில் கடன் ரத்து. 2016-இல் ஒன்றிய அரசு மறுவாழ்வுத் தொகையையும் உயர்த்தியது: ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் 2 லட்சம், கடத்தல் போன்ற கடும் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம். உடனடி உதவி முதலில் 20 ஆயிரம், பின்னர் 30 ஆயிரம் வரை. உலகில் அடிமைத்தனத்திலிருந்து மீண்டவருக்கே, தலைக்கு இவ்வளவு என்று சட்டப்பூர்வமாகத் தொகை நிர்ணயித்த நாடுகள் அதிகமில்லை. இந்தியா பெருமைப்படலாம்.

எங்கே சிக்கல்? முழுத் தொகையையும் முதலாளியின் தண்டனையோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். விசாரணை முடியாவிட்டாலும் முதற்கட்ட ஆதாரம் இருந்தால் விண்ணப்பத்தை நிறுத்தக் கூடாது என்று திட்டம் சொல்கிறது. ஆனால் இறுதிப் பணம் நீதி நடைமுறை முடிந்த பிறகே. மீட்கப்பட்டவருக்குக் கையில் 30 ஆயிரம், ஊரில் வீடில்லை, வழக்கோ ஆண்டுக்கணக்கில். சாட்சி சொல்ல வேண்டிய நாளில் அவர் பிழைப்புத் தேடி வேறு மாவட்டச் சூளையில் இருப்பார். சாட்சி வராததால் வழக்கு தோற்கும், வழக்கு தோற்றதால் பணம் வராது. மறுவாழ்வு இல்லாத விடுதலை மீண்டும் அடிமைத்தனத்துக்கே தள்ளும் என்று 1984-இலேயே நீரஜா சவுத்ரி வழக்கில் நீதிபதி பகவதி எச்சரித்துவிட்டார். இத்தனைக்கும் குற்றம் நிரூபணமானால் முதலாளிக்கு அதிகபட்சம் மூன்றாண்டுச் சிறை, அபராதம் 2 ஆயிரம் ரூபாய். 1976-இல் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது.

கரீபியன் கோரிக்கைக்கு எதிராக ஒரு வாதம் எப்போதும் வைக்கப்படுகிறது. செய்தவரும் இல்லை, பாதிக்கப்பட்டவரும் இல்லை, யார் யாருக்குக் கொடுப்பது என்பார்கள். 2015 வரை முதலாளிகளுக்கான கடனைக் கட்டிய அரசு, 'அது பழைய கதை' என்று சொல்ல முடியாது என்பதே என் கருத்து. இறந்தது மனிதர்கள், அரசு அல்ல. அப்படியே அந்த வாதத்தை ஏற்றாலும், சூளை விஷயத்தில் அது ஒரு நொடிகூட நிற்காது. முதலாளி இருக்கிறார், தொழிலாளி இருக்கிறார், சான்றிதழ் இருக்கிறது, தொகையும் அரசாணையில் இருக்கிறது.

முஸ்லிம்களாகிய நாம் இதைப் பேசும்போது பிலால் (ரலி) அவர்களை நினைவுகூர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அபூபக்ர் (ரலி) விலை கொடுத்து விடுவித்தது நம் பெருமை, சந்தேகமில்லை. ஆனால் இந்தியப் பெருங்கடலில் அடிமை வணிகம் செய்தவர்களில் முஸ்லிம் வணிகர்களும் சுல்தான்களும் இருந்தார்கள். சன்சிபார் அடிமைச் சந்தை 1873-இல் பிரிட்டனின் நெருக்கடியால்தான் மூடப்பட்டது. சவூதி அரேபியா ஒழித்தது 1962-இல், மவுரிட்டானியா 1981-இல். ஐரோப்பாவிடம் கணக்குக் கேட்கும் வாயால் இதையும் சொன்னால்தான் கேட்பவர் நம்புவார்.

நம் மார்க்கம் விடுதலையோடு நின்றுவிடவில்லை. விடுதலைப் பத்திரம் கேட்கும் அடிமைக்கு அதை எழுதிக் கொடுப்பதோடு, அல்லாஹ் தந்த செல்வத்திலிருந்து அவருக்குக் கொடுக்கவும் சூரா அந்நூர் பணிக்கிறது. ஸகாத் பெறும் எட்டு வகையினரில் அடிமை விடுதலைக்கு ஒரு பங்கு உண்டு, கடனில் சிக்கியவருக்கு இன்னொரு பங்கு. அட்வான்ஸ் கடனில் சூளையில் கிடக்கும் குடும்பத்துக்கு இந்தப் பங்குகள் பொருந்துமா, முஸ்லிமல்லாதவராக இருந்தால் ஸகாத்தா ஸதகாவா என்பதை நம் உலமாக்கள் வெளிப்படையாகப் பேச வேண்டும். நம் ஜமாஅத்துகளில் சூளையும் ரைஸ் மில்லும் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் அட்வான்ஸ் நோட்டைப் பற்றியும் ஜும்ஆ மேடையில் பேச்சு வர வேண்டும். வளைகுடாவில் பாஸ்போர்ட்டைக் கஃபீலிடம் கொடுத்துவிட்டு, சம்பள பாக்கியை விட்டுவிட்டு ஊர் திரும்பிய பிள்ளைகள் இல்லாத தெரு நம்மிடம் குறைவு. அந்தப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையே இருக்காது.

மாவட்ட அளவிலும் கோட்ட அளவிலும் விழிப்புக் குழு இருக்க வேண்டும் என்பது 1976 சட்டத்தின் கட்டளை. சமூகப் பணியாளர்களுக்கும் அதில் இடம் உண்டு. விழுப்புரத்தில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, விடுவிக்கப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு முழுத் தொகை போய்ச் சேர்ந்தது, வட்டவாரியாக டி.சி. நிலம் எவ்வளவு, இன்று யார் பெயரில் பட்டா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் மனை வாங்க நினைக்கும் நம் குடும்பங்கள் கடைசிக் கேள்வியைத் தங்களுக்காகவும் கேட்டுக்கொள்வது நல்லது.