இணையத்தளங்களை முடக்கும் உத்தரவு யாருடையது?

போர்க்காலத்தில் தணிக்கைக்கு உள்ளான செய்தியின் இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்ட பத்திரிகைகளை எமது மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எதையோ வெட்டியிருக்கிறார்கள் என்றாவது அந்த வெற்றிடம் சொன்னது. இணையத்தில் அதுகூடக் கிடையாது. பக்கம் திறக்காது, அவ்வளவுதான். சிக்னல் இல்லை, டேட்டா முடிந்துவிட்டது, போன் பழசு என்று நாமே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொள்வோம். தடுத்தவருக்கு இதைவிட வேறென்ன வசதி வேண்டும்?

2007 ஜூன் மாதம் தமிழ்நெற் தளம் இலங்கைக்குள் திறக்காமல் போனது. அரசு தனக்கு அதில் பங்கில்லை என்றது. ஏ9 வீதி மூடப்பட்டு, யாழ்ப்பாணம் தனித்துக் கிடந்த காலம் அது. 2009இல் சுயாதீன ஊடகவியலாளர்கள் போர்ப் பகுதிக்குள் விடப்படாத மாதங்களிலும் அந்தத் தடை தொடர்ந்தது. முல்லைத்தீவில் என்ன நடக்கிறது என்று அந்தத் தளம் எழுதியதை ரொறன்ரோவில் இருப்பவர் வாசிக்கலாம். வவுனியாவில் இருப்பவர் வாசிக்க முடியாது. 2015 ஜனவரி ஆட்சி மாற்றத்துக்குப் பின்னரே அது மீண்டும் திறந்தது. ஏழரை ஆண்டுகள். அந்தத் தளத்தின் அரசியலை ஏற்பதும் ஏற்காததும் வேறு விடயம். வாசித்துவிட்டு முடிவெடுக்கும் வாய்ப்பைப் பறித்தவர் யார், எந்தச் சட்டத்தின் கீழ் என்பதற்கு ஒரு வர்த்தமானிகூட எமக்குக் காட்டப்படவில்லை.

நல்லாட்சி என்று சொல்லப்பட்ட காலத்திலும் பழக்கம் மாறவில்லை. 2017 நவம்பரில் லங்கா ஈ நியூஸ் தளம் முடக்கப்பட்டது. ஆனால் அந்த வருடம் பெப்ரவரியிலிருந்து தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. கிரவுண்ட்வியூஸ் தளம் அதன் கீழ் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் கேட்டபோதுதான், தளங்களை முடக்கும் கோரிக்கைகள் ஊடக அமைச்சிலிருந்தும் ஜனாதிபதி செயலகத்திலிருந்தும் போயிருந்தது வெளியே வந்தது. அதாவது, விமர்சிக்கப்படும் தரப்பே விமர்சனத்தை நிறுத்தச் சொல்லலாம். நீதிமன்றம் இடையில் இல்லை. தள உரிமையாளரின் விளக்கத்தைக் கேட்க ஒருவரும் இல்லை.

எல்லாத் தடையும் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். 2018 மார்ச்சில் திகனயில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முடக்கப்பட்டன. சிங்களத்தில் பரவிய வெறுப்புப் பதிவுகளை பேஸ்புக் நிறுவனம் உரிய நேரத்தில் அகற்றவில்லை. 2020இல் அதற்காக மன்னிப்பும் கேட்டது. அந்த நாட்களின் தடையை முழுதாக எதிர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதை ஒரு கையொப்பத்துடன், முடியும் திகதியுடன் அறிவித்திருந்தால் யாருக்கு என்ன நட்டம்? 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு ஒன்பது நாட்கள் சமூக வலைத்தளங்கள் முடங்கியபோது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் தாம் உயிரோடு இருப்பதைச் சொல்ல வட்ஸ்அப்பையே நம்பியிருந்த பெற்றோரும் தவித்தார்கள். விபிஎன் போடத் தெரிந்த இளைஞர்களுக்குத் தடை ஒரு நாள்கூட நிற்கவில்லை. பாதிக்கப்பட்டது அது தெரியாதவர்கள்தான்.

2022 ஏப்ரல் 3ஆம் திகதி வேறு கதை. மக்கள் வீதிக்கு இறங்கவிருந்த நாளில், ஊரடங்கோடு சேர்த்துச் சமூக வலைத்தளங்களும் முடக்கப்பட்டன. பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோள் என்றது ஆணைக்குழு. அன்று கொழும்பில் எழுந்த கோபத்தால் ஒரே நாளுக்குள் தடை நீங்கியது. வடக்கில் ஏழரை ஆண்டுகள் பொறுத்தவர்களுக்கு அந்த வேகம் ஆச்சரியமாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறது. 108 வாக்குகளுடன் நிறைவேறிய அந்தச் சட்டம், ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணைக்குழுவையும் நீதவான் நீதிமன்றத்தையும் இதற்குள் கொண்டுவருகிறது. தொலைபேசி அழைப்பில் முடிந்த காரியத்துக்கு ஒரு நடைமுறை வந்திருப்பதாகச் சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். எனக்கு அந்த ஆறுதல் இல்லை. எது பொய்யான கூற்று என்ற கேள்வி, முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களின் தொகையையே ஏற்காத ஓர் அரசின் கீழ் எப்படித் தீர்மானிக்கப்படும்? காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் பதிவிடும் ஒரு சாட்சியம் எந்தப் பக்கத்தில் விழும்? உத்தரவுகள் அனைத்தும் பொதுமக்கள் பார்க்கும்படி பிரசுரமாகாதவரை இதை யாரும் கண்காணிக்க முடியாது. காஷ்மீர் இணையத் துண்டிப்பு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில், இத்தகைய உத்தரவுகள் வெளியிடப்படவேண்டும் என்றது. அங்கு அது ஒழுங்காகப் பின்பற்றப்படுகிறதா என்பது வேறு. கேட்பவரின் கையில் ஒரு தீர்ப்பாவது இருக்கிறது.

எமது கையில் இருப்பது தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஒரு தளம் திறக்காவிட்டால் திகதி, நேரம், எந்த நிறுவனத்தின் இணைப்பு என்பவற்றைக் குறித்து, திரையைப் படம் பிடித்து வையுங்கள். வேறொரு சிம்மிலும் பாருங்கள். பிறகு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. கோரியவர் யார், எந்தச் சட்டப்பிரிவு, எத்தனை நாளுக்கு, உத்தரவின் பிரதி எங்கே: இந்த நான்கையும் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தரவேண்டும். தேசிய பாதுகாப்பு என்று மறுத்தால், பொதுநலன் மேலோங்கும்போது மறுக்க முடியாது என்று சொல்லும் 5(4)ஆம் பிரிவைக் காட்டி மேன்முறையீடு செய்யலாம்.