காய்ச்சலுக்குப் பகல் எது, ராத்திரி எது?

கீமோதெரபி என்றதும் நம் மக்களுக்கு ஞாபகம் வருவது ரெண்டே விஷயம்: மொட்டைத் தலை, வாந்தி. எல்லாம் சினிமாக்காரர்கள் செய்த புண்ணியம். இதை வைத்தே "கேன்சர் கொல்லாது, கீமோதான் கொல்லும்" என்று திண்ணையில் ஆரம்பித்த பேச்சு இப்போது வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. அதை நம்பி ரெண்டாவது ஊசியோடு நின்று போகிறவர்களுக்கு இந்த வாய்ச்சொல் வீரர்கள் என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

முடி கொட்டும், உண்மைதான். வேகமாகப் பெருகும் செல்களை அடிப்பது மருந்தின் வேலை. அதில் முடி வேரும் மாட்டிக்கொள்ளும், வாயின் உள்தோலும் மாட்டிக்கொள்ளும், அதனால்தான் வாய்ப்புண். முடி பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். வாந்தியை அடக்க ஒண்டான்செட்ரான் மாதிரி நல்ல மருந்துகள் இருக்கின்றன. சில மருந்துகளில் கைகால் மரத்துப்போவது மட்டும் மாதக்கணக்கில் நீடிக்கலாம். டாக்ஸோரூபிசின் ஏற்றினால் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரத்தம் என்று நினைத்து யாரும் பயப்படப்போவதில்லை.

"இங்கிலீஷ் மருந்து விஷம், மூலிகைக்கு வா" கோஷ்டிக்கு ஒரு தகவல். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின், நம்ம ஊர் வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுத்ததுதான். (அதற்காக இலையைக் கொதிக்கவைத்துக் குடித்துத் தொலைக்காதீர்கள்!)

யாரும் பேசாத பக்கவிளைவு காய்ச்சல். பல மருந்துகளில் ஊசி போட்ட 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் அது அவசரம். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். பாராசிட்டமால் போட்டுக் காலையில் பார்க்கலாம் என்று படுத்தால் உயிர் போகலாம்.

இப்போது கல்வராயன் மலைக்கு வாருங்கள். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு மலையாளி பழங்குடிக் குடும்பம். சிகிச்சை சேலத்திலோ, நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஜிப்மரிலோ. சீட்டில் "காய்ச்சல் வந்தால் உடனே வரவும்" என்று எழுதியிருக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு மலைப்பாதை இறங்கி, கச்சிராயபாளையம் தாண்டி, கள்ளக்குறிச்சி வந்து, அங்கிருந்து எந்த "உடனே"?

கள்ளக்குறிச்சி 2019-ல் மாவட்டமானது, 2022-ல் மருத்துவக் கல்லூரியும் வந்தது. அப்படியும் 2024 ஜூனில் கருணாபுரம் விஷச்சாராயத்தில் விழுந்தவர்களில் பலரைச் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் ஜிப்மருக்கும்தான் அனுப்பினார்கள். 60 பேருக்கு மேல் செத்த பிறகுதான் உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்களின் நிலையை விசாரித்தது.

மூன்றாண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் மையம் என்று 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்லதுதான், பஸ் செலவு மிச்சம். ஆனால் பகலில் மருந்தை ஏற்றி அனுப்பிவிட்டு, பத்தாம் நாள் ராத்திரி வரும் காய்ச்சலை யார் தலையில் கட்டப்போகிறார்கள்? மையம் திறக்கும்போதே இதற்கும் சேர்த்து ஏற்பாடு செய்யுங்கள். கீமோ எடுப்பவர் வீட்டுக்கு ஒரு தெர்மாமீட்டர். மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரும் ஊசி போட்ட தேதியும் எழுதிய சீட்டு, ராத்திரியிலும் முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக் போட ஒரு ஆள். போட்டுவிட்டு 108-ல் ஏற்றுங்கள். கீமோ மருந்தின் விலையோடு பார்த்தால் இதெல்லாம் டீச்செலவு.