மாயத்துக்கும் ஒரு விலை வேண்டும்

பாடசாலைச் சிறுகதைப் போட்டிகளுக்கு இப்போது மாயக்கதைகள் நிறையவே வருகின்றன. காட்டுக்குள் ஒரு குகை, குகைக்குள் ஒரு மோதிரம். ஏழைச் சிறுமி அதை விரலில் போட்டதும் வாப்பாவின் நோய் தீர்கிறது, குடிசை மாளிகையாகிறது, ஏசியவர்கள் எல்லாம் வந்து மன்னிப்புக் கேட்கிறார்கள். இன்னொரு கதையில் ஒரு பேனா. வினாத்தாளைக் கண்டதும் தானாகவே விடை எழுதுகிறது. (அந்தப் பேனா எந்தக் கடையில் கிடைக்கும் என்று வகுப்பில் எல்லோரும் கேட்டோம் என்பது வேறு விடயம்.) வாசித்து முடித்து அரை மணித்தியாலம் கழிந்தால் இக்கதைகளில் ஒன்றுகூட மனதில் நிற்பதில்லை.

"நடக்காத ஒன்றை எழுதினால் அப்படித்தான் இருக்கும், நடக்கிறதை எழுதுங்கள்" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மோதிரம் நம்ப முடியாததாக இருப்பதால் கதை கெடவில்லை. அது இலவசமாகக் கிடைப்பதால்தான் கெடுகிறது. கற்பனை உலகம் ஒன்றை உருவாக்க உட்காரும்போது அங்குள்ள மாயம் என்னவெல்லாம் செய்யும் என்றுதான் நாம் முதலில் பட்டியல் போடுகிறோம். அதை இரண்டாவதாகப் போடலாம். அது எதைச் செய்யாது, அதற்கான விலையைக் கொடுப்பது யார் என்ற இரண்டையும் முதலில் எழுதி வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

இது ஆங்கில நாவல் வாசிப்பவர்களின் புதுப் பேச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். மணிமேகலையை எடுத்துப் பாருங்கள். பரீட்சைக்காகக் கதைச்சுருக்கம் மட்டும் படித்தவர்களுக்கு அமுதசுரபி என்றால் அள்ள அள்ளக் குறையாத பாத்திரம், அவ்வளவுதான். அந்தப் பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வருவதற்கு முன் ஆபுத்திரனிடம் இருந்தது. அவனுடைய கதையில்தான் சாத்தனாரின் கெட்டித்தனம் முழுவதும் இருக்கிறது.

ஆபுத்திரன் மதுரையில் பிச்சை எடுத்து, பார்வையற்றோருக்கும் நடக்க முடியாதோருக்கும் ஊட்டிவிட்டு, மிஞ்சியதை உண்டு, ஓட்டையே தலையணையாக வைத்துத் தூங்குபவன். மழை பெய்யும் ஓர் இரவில் பசித்தவர்கள் வந்து எழுப்புகிறார்கள். கொடுக்க அவனிடம் எதுவும் இல்லை. அப்போதுதான் சிந்தாதேவி அந்தப் பாத்திரத்தைக் கொடுக்கிறாள். நாடே பஞ்சத்தில் வாடினாலும் இது வற்றாது. நம்முடைய போட்டிக் கதையாக இருந்தால் இந்த இடத்தில் 'சுபம்' போட்டிருப்போம். சாத்தனாருக்குக் கதை இங்கேதான் தொடங்குகிறது.

ஆபுத்திரனின் புண்ணியத்தால் இந்திரனின் ஆசனம் அசைகிறது. அவன் வந்து வரம் தருவதாகச் சொல்ல, ஆபுத்திரன் சிரித்துவிடுகிறான். அவமானப்பட்ட இந்திரன் என்ன செய்தான்? பாத்திரத்தைப் பறிக்கவில்லை, உடைக்கவுமில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் வறண்டு கிடந்த பாண்டிய நாட்டில் மழையைக் கொட்டச் செய்தான். விளைச்சல் பெருகியது, பசி ஒழிந்தது, பாத்திரத்தைத் தேடி வருவார் எவருமில்லை. ஊர் ஊராகப் போய் "உண்ண வாருங்கள்" என்று அழைத்தாலும் ஆளில்லை. ஒரு மாயப்பொருளை இதைவிடப் புத்திசாலித்தனமாகத் தோற்கடித்த எதிரியை நான் வேறெந்தக் கதையிலும் காணவில்லை.

பிறகு சாவக நாட்டில் மழையின்றி மக்கள் மடிகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். காற்று மாறி, கப்பல் மணிபல்லவத்தில் தங்குகிறது. (நமது நயினாதீவுதான் மணிபல்லவம் என்று சொல்வோரும் உண்டு.) ஆபுத்திரன் கரையிறங்கியது தெரியாமல் கப்பல் இரவோடிரவாகப் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு, கையில் அள்ளக் குறையாத சோறு. அவன் சாப்பிட்டிருக்கலாம், ஆண்டுக்கணக்காக உயிர் வாழ்ந்திருக்கலாம். பல்லாயிரம் பேரைக் காக்கக்கூடிய பாத்திரத்தை வைத்துக்கொண்டு தன் ஒரு வயிற்றை மட்டும் நிரப்ப மனமில்லாமல், ஆண்டுக்கொரு நாள் மேலே வரும்படி அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் கிடந்து இறந்துபோகிறான்.

அந்தப் பாத்திரத்தால் சோறு தர முடியும், பசித்தவரைத் தர முடியாது. இந்த ஒரே ஓர் எல்லையில் இருந்துதான் இவ்வளவும் வருகிறது. அது சோறோடு ஆட்களையும் வரவழைக்கக்கூடியதாக இருந்திருந்தால் ஆபுத்திரன் யாரென்றே நமக்குத் தெரிந்திருக்காது. பிற்காலத்தில் மணிமேகலைக்கு அது கிடைத்தபோதும் ஒரு நிபந்தனை இருந்தது. முதற் பிச்சையை இடுபவள் ஆதிரை போன்ற ஒருத்தியாக இருக்க வேண்டும். அதனால் மணிமேகலை அவளுடைய வீட்டைத் தேடிப் போகிறாள், ஆதிரையின் கதை நமக்குக் கிடைக்கிறது. எல்லை போட்ட இடத்தில் எல்லாம் ஒரு கதை முளைக்கிறது.

அலாவுதீன் கதையிலும் இப்படித்தான். சினிமாவில் மூன்று வரங்கள் என்று பழகிவிட்டோம். பழைய கதையில் வரங்களுக்கு எண்ணிக்கையே கிடையாது. ஆனால் மோதிரத்துப் பூதம் வேறு, விளக்குப் பூதம் வேறு. விளக்குத் திருடு போய், மாளிகையும் ஆபிரிக்காவுக்குப் போனபின், அலாவுதீன் மோதிரத்துப் பூதத்திடம் மாளிகையைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்கிறான். அது விளக்கின் அடிமைக்குரிய வேலை, என்னால் ஆகாது என்கிறது அது. "அப்படியானால் என்னை அங்கே கொண்டுபோய் விடு" என்கிறான். மீதி வேலையை அவனும் இளவரசியும் தங்கள் மூளையால்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

இன்றைய எழுத்தாளர்களில் இதைப்பற்றி அதிகம் பேசியவர் அமெரிக்கரான பிரண்டன் சாண்டர்சன். 2007இல் எழுதிய கட்டுரை ஒன்றில் அவர் சொன்னதன் சாரம் இது: மாயத்தைக் கொண்டு ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டுமானால், அந்த மாயம் எப்படி வேலை செய்கிறது என்பது வாசகருக்கு முன்பே விளங்கியிருக்க வேண்டும். 2006இல் வந்த அவருடைய 'மிஸ்ட்போர்ன்' நாவலில் சிலர் உலோகத் துகள்களை விழுங்கி, வயிற்றுக்குள்ளே 'எரித்து' ஆற்றல் பெறுகிறார்கள். உருக்கை எரிப்பவரால் சுற்றியுள்ள உலோகங்களைத் தள்ள முடியும். ஒரு நாணயத்தைத் தள்ளினால் அது பறக்கும். அதே நாணயம் தரையில் ஊன்றிக்கொண்டால் தள்ளியவர் மேலே போவார். சாதாரண தரத்தில் நாம் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான்! விழுங்கிய உலோகம் தீர்ந்தால் ஆற்றலும் தீர்ந்தது. ஆகவே சண்டையின் நடுவில் நாமும் கணக்குப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறோம்.

விலை போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹரி பொட்டரே உதாரணம். 1999இல் வந்த மூன்றாம் புத்தகத்தில், ஒரே நேரத்தில் நடக்கும் பல பாடங்களுக்குப் போவதற்காக ஹர்மயோனிக்குக் காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் ஒரு சிறு மணற்கடிகாரம் கொடுக்கப்படுகிறது. ரியூஷன் வகுப்புகளுக்கு ஓடும் நமக்கு அதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அதன்பிறகு வரும் ஒவ்வொரு மரணத்திலும் 'கடிகாரத்தைத் திருப்பிக் காப்பாற்றியிருக்கலாமே' என்று வாசகர் கேட்கத் தொடங்கிவிடுகிறார். 2003இல் வந்த ஐந்தாம் புத்தகத்தில், ஒரு சண்டைக்கிடையில் அந்தக் கடிகாரங்கள் இருந்த அலுமாரியையே ரோலிங் நொறுக்கிவிடுகிறார். நல்ல கதைதான், எனக்கும் விருப்பமான கதைதான். இருந்தும் எழுத்தாளர் தாமே படைத்ததைத் தாமே உடைக்க வேண்டி வந்தது.

இதையெல்லாம் சொல்வதால், மாயத்துக்கு அட்டவணை போட்டு, புள்ளி கொடுத்து, கணினி விளையாட்டுப்போல ஆக்க வேண்டும் என்று நான் சொல்வதாக எடுக்க வேண்டாம். அப்படி எழுதப்பட்ட கதைகளும் இருக்கின்றன, எனக்கு அவை அலுப்பு. டோல்கீனின் கந்தால்ஃப் எப்படி மந்திரம் செய்கிறார் என்று யாரும் விளக்குவதில்லை, கேட்கவும் தோன்றுவதில்லை. ஆனால் அந்த மோதிரத்தின் விலை மட்டும் எல்லோருக்கும் தெரியும். எப்படி வேலை செய்கிறது என்பதை மறைக்கலாம், என்ன விலை என்பதை மறைக்கக்கூடாது. இந்த இடத்தில் நான் சாண்டர்சனை விட உர்சுலா லெ குவின் பக்கம். 1968இல் அவர் எழுதிய 'ஏர்த்சீ' கதையில், திறமையும் திமிரும் உள்ள ஒரு பையன் சகமாணவனுக்குக் காட்டுவதற்காக இறந்தவளின் ஆவியை அழைக்கிறான். கூடவே ஒரு நிழல் வெளியே வந்துவிடுகிறது. அவன் முகத்தில் தழும்போடு தப்பிவிடுகிறான். அந்தத் திறப்பை மூட வந்த முதியவர் இறந்துபோகிறார். ஒருவர் செய்ய இன்னொருவர் விலை கொடுக்கிறார். அந்தப் பக்கத்தை வாசித்தபிறகு அன்றிரவு வேறொன்றும் வாசிக்கவில்லை.

யார் கொடுப்பது என்ற கேள்வியை என் சொந்தக் கற்பனை உலகத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உம்மாவின் ஊர் மருதமுனை. வாளும் பறவை நாகமும் எனக்குத் தெரியாது, தறிச் சத்தம் தெரியும். ஆகவே என் தீவில் மாயம் தறியில் நடக்கிறது. நோயாளி ஒருவரின் பெயரைச் சொல்லி நெய்த துணியை அவர் உடுத்தினால், துணி நைய நைய நோயும் நைந்துபோகும். நெய்தவளின் கண்ணில் இருந்து ஒரு நிறம் போய்விடும். முதலில் ஊதா, பிறகு நீலம், இப்படியே. ஏழு துணிகள் நெய்தபின் அவளுக்கு நூல்களைப் பிரித்தறிய முடியாது, தறியை விட்டு எழுந்துவிட வேண்டியதுதான். ஒருத்தியால் வாழ்நாளில் ஏழு பேரைத்தான் சுகப்படுத்த முடியும். இவ்வளவுதான் விதி.

இதை என் ராத்தாவிடம் வாசித்துக் காட்டினேன். அவ கேட்ட முதற் கேள்வி: "அப்ப சல்லி இரிக்கிறவங்கதானே அந்தத் துணிய வாங்குவாங்க?"

அந்த ஒரு கேள்வியில் என் தீவே மாறிவிட்டது. நிறத்துக்கு விலை பேசும் தரகர்கள் வந்தார்கள். மகளின் ஏழு நிறங்களையும் சீதனத்துக்காக விற்கும் தகப்பன் வந்தான். எல்லா நிறமும் போன மூத்தம்மாக்கள் வாசலில் உட்கார்ந்து, "இன்றைக்கு வானம் என்ன நிறம், மகள்?" என்று பேரப்பிள்ளைகளிடம் கேட்டார்கள். பொருளியலில் அமையச் செலவு என்று படிக்கிறோமே, ஒன்றைப் பெறுவதற்காகக் கைவிட்ட மற்றொன்று, அது எனக்கு உண்மையில் விளங்கியது அந்தத் தீவில்தான். ஒருத்திக்குச் சிவப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. உம்மாவும் சுகமில்லை, பக்கத்து வீட்டுக் குழந்தையும் சுகமில்லை. மோதிரக் கதையில் இந்தக் கேள்வி வரவே வராது.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாயம், மந்திரம் என்று பிள்ளை எழுதுவதைக் கண்டால் வீட்டில் ஒரு பயம் வருவது எனக்குத் தெரியும். சூனியம் மார்க்கத்தில் பெரும் பாவங்களில் ஒன்று. அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. கற்பனைக் கதைக்குத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிமாவும் அல்ல, அதை அறிந்தவர்களிடம் கேட்கலாம். நான் கவனித்ததை மட்டும் சொல்கிறேன். செய்வினை எடுப்பதாகவும் அஞ்சனம் பார்ப்பதாகவும் சொல்லிக்கொண்டு சனங்களிடம் சல்லி வாங்குபவர்களின் 'மாயத்துக்கு' விதியே இருப்பதில்லை. பலித்தால் அவர்களுடைய வல்லமை, பலிக்காவிட்டால் உங்களுடைய நம்பிக்கைக் குறைவு. எல்லையைச் சொல்லிவிட்டால் பிடிபட்டுவிடுவார்கள் என்பதால் அவர்கள் சொல்வதேயில்லை. விதி எழுதிப் பழகிய ஒரு பிள்ளை அப்படிப்பட்டவர் முன்னால் உட்கார்ந்தால் கேட்கப்போகும் முதற் கேள்வி, "இது எதைச் செய்யாது?" என்பதாகத்தான் இருக்கும். கேட்டதெல்லாம் கொடுக்கும் மோதிரக் கதைகளுக்கு 'இது பாதுகாப்பானது' என்று பரிசு கொடுத்து, விலையுள்ள கதைகளைக் கண்டு பயப்படுவது எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது.

தோழியருக்கு: அடுத்த போட்டிக்கு மாயக்கதை எழுதப் போகிறீர்கள் என்றால், எழுதத் தொடங்குமுன் விதியை ஒரு தாளில் எழுதி, உங்களோடு அடிக்கடி வாதாடும் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். பாராட்டும் தோழியிடம் கொடுத்துப் பயனில்லை. ஓட்டை எங்கே என்று அவர் தேடட்டும். ராத்தாவுக்குப் பிறகு நான் கொடுத்தது எங்கள் வகுப்பில் உயிரியல் பிரிவுக்கு மாறிப்போன ஒருத்தியிடம். அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"பிறவியிலேயே நிறக்குருடாக இருக்கிறவள் நெய்தால் என்ன ஆகும்?"

கொடுப்பதற்கு அவளிடம் நிறம் இல்லை. அப்படியானால் அவளுடைய துணி வெறும் துணியா? அல்லது எண்ணிக்கையில்லாமல் நெய்து தீவையே சுகப்படுத்தக்கூடியவள் அவள் ஒருத்திதானா? அல்லது தறி அவளிடம் நிறத்துக்குப் பதிலாக வேறெதையாவது எடுக்குமா? இரண்டு கிழமையாக அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். இரண்டாவது விடையை எழுதினால் எல்லோருக்கும் பிடிக்கும், ஆனால் தரகர்கள் அவளைச் சும்மா விடமாட்டார்கள்.